ஆளில்லாத பிரசவ விடுதி

அத்தியாயம் 6

கழுதை ஒன்று தண்ணீர் வண்டிலை நக்கிக்கொண்டு நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கண்டல்துறைப் பழைய பிரசவ விடுதியின் பின்வாசலில் கில்பட் கண்ட முதற்காட்சி அதுதான். ஓட்டோவை நிறுத்திப்போட்டு அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். கழுதை கண்ணை மூடிக்கொண்டு, வண்டிலின் அடிப்பலகையை ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் நிதானமாக நக்கியது. அந்த இடத்தில் பலகை சீவுளி போட்டது மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

"நானா, இந்தக் கழுதை வண்டிலில காதல் வச்சிருக்கு," என்றான். "என்ர மனிசி அஜித்தா என்னை ஒருநாளும் இப்பிடிப் பாத்ததில்ல."

பின் ஆசனத்தில் இருந்த அபூசாலியை ஊரே நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடும். அவர் பதில் சொல்லாதது புதினமில்லை. இருபத்தாறு வருசம் கோட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர். சாட்சி தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் நீதவான் சிங்களத்தில் கேட்டதைத் தமிழிலும் சொல்லிச் சொல்லி, சொந்தமாகப் பேச அவருக்கு வார்த்தை மிச்சமில்லாமல் போய்விட்டது என்று கில்பட் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். பென்சன் எடுத்தபின் அவர் துப்புப் பார்க்கும் வேலைக்கு இறங்கினார். காணாமற்போன காணி உறுதி, சொல்லாமற்போன மாப்பிள்ளை, களவுபோன வள்ள எஞ்சின் என்று எது வந்தாலும் கில்பட்டின் ஓட்டோதான் வாகனம், கில்பட்டின் வாய்தான் வழித்துணை. ஒரு ஆளிடம் மூன்று கேள்விக்கு மேல் கேட்பதில்லை என்பது அபூசாலியின் பிடிவாதம். நாலாவது கேள்வியில் ஆட்கள் பொய்யை அழகாக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பார்.

வழக்கு முந்தின நாள் பின்னேரம்தான் வந்தது. கொண்டுவந்தவர் நிஸார் மெம்பர். பிரதேச சபையில் எதிர்க்கட்சிக் கதிரை. கரையில் ஐஸ் வாடி, கருவாட்டு வாடி என்று இரண்டு கொட்டகை. அவருடைய லொறிகள் நீலம், இடுப்பில் ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டைக் கண்டால் ரோட்டில் மாடும் விலகும் என்பது கில்பட்டின் கதை.

மெம்பர் சொன்ன விசயம் இது. பிரசவ விடுதி பூட்டிப் பதினொரு வருசம். அரச மதிப்பீட்டாளர் அதற்குப் போட்ட பெறுமதி ஒரு கோடி எண்பது லட்சம். அதில் முக்கால்வாசி கல்லுக்கும் ஓட்டுக்கும் அல்ல, முற்றத்துக் கிணற்றுக்கு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல்; அந்த மணலில் அப்படி ஒரு நல்ல தண்ணீர் வேறெங்கும் இல்லை. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் காற்றுப் பட்டத்தில் தொங்கிக் கடலில் ஓட வந்த காலம் தொட்டு, ஹொட்டேல்காரர் எல்லாருக்கும் அந்தக் கிணற்றில் கண். மூன்று கிழமைக்கு முன், ஒரு புதன்கிழமை விடியக் கிணறு உப்பாகிக் கிடந்தது. சபைப் பொறியியலாளர் வந்து ஒரு வாய் குடித்துத் துப்பிப்போட்டு, கடல்நீர் உட்புகுந்துவிட்டது என்று எழுதினார். சபை கூடியது. தண்ணீர் இல்லாத கட்டடத்துக்கு எவன் கோடி தருவான், சும்மா கிடந்து வௌவால் தின்பதிலும் பார்க்க நாற்பது லட்சத்துக்குத் தள்ளிவிடுவோம் என்று தீர்மானம் போட்டது. வியாழக்கிழமை விற்பனை. விலைக்கேள்வி போட்டது ஊரில் ஒருவரும் கேள்விப்படாத ஒரு கம்பனி, அது ஒன்று மட்டும்தான்.

"பொதுச்சொத்து நானா, கால் விலைக்குப் போகப்போகுது," என்றார் நிஸார் மெம்பர். "கிணத்தில ஆரோ உப்புப் போட்டீக்கிறான். ஆரெண்டு வியாழனுக்கு முதல் எனக்குத் தெரியோணும். பேர் மட்டும் போதும்."

போகும்போது கில்பட்டைத் தனியாக மறித்து, நானா வாய் திறக்க வியாழன் முடிந்துவிடும், நீ முதலில் எனக்குப் போனில் ஒரு கோல் போடு என்றார். ஓட்டோவின் பின் ரயரைக் காலால் தட்டிப் பார்த்து, இதையும் மாற்றத்தானே வேணும் என்றார். ரயர் அப்பம் மாதிரித் தேய்ந்திருந்தது உண்மை.

விடுதியின் முன்கேற்றில் சபை போட்ட சங்கிலி துருவேறி ஒரே கட்டியாய்க் கிடந்தது. பல மாதமாக யாரும் திறக்கவில்லை. உள்ளே போக ஒரே வழி பின்பக்கத்து முள்வேலிக்கு நடுவில் போகும் மணல் ஒழுங்கை. அபூசாலி குடையை விரித்து வேலிக்கு வேலி அளந்து பார்த்தார். இரண்டு குடை அகலம். லொறி வராது. தள்ளுவண்டில் வரும்.

கில்பட்டிடம் உடனே ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. ஹொட்டேல்காரன் களப்பால் வள்ளத்தில் உப்பைக் கொண்டுவந்து இறக்கி, ஆள்வைத்துச் சுமந்திருக்கிறான். அந்த ஆளின் முதுகைப் பார்த்தால் போதும். ஓட்டோ எடுக்க முதல் கில்பட் ஆறு வருசம் உப்பளத்தில் மூட்டை சுமந்தவன். ஐம்பது கிலோ என்று சாக்கில் எழுதியிருக்கும்; முதுகுக்கு அது எழுபது. ஈரம் கசிந்து தோலில் இறங்கினால், கிழமைக்கணக்கில் சேட்டுப் போட ஏலாது.

"இந்தக் கிணத்துக்கு அஞ்சாறு மூட்டை போதும் நானா," என்றான். "ஊரில உள்ள ஆம்பிளையள் எல்லாரையும் சேட்டைக் கழட்டச் சொல்லுவம். பொம்பிளையள் எங்களுக்குப் பிரியாணி தருவாங்கள்."

முற்றத்தில் றுக்கியா இருந்தாள். ஐம்பத்துநாலு வயது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரை விட்டு முஸ்லிம்கள் எல்லாரும் துரத்தப்பட்டபோது, நிறைமாத வயிற்றோடும் ஒரு உடுப்புப் பொட்டலத்தோடும் வந்து இறங்கியவள். வந்த நாலாம் நாள் இதே விடுதியின் கட்டிலில் பிள்ளை பெற்றாள். பிறகு இங்கேயே கூட்டித் துடைக்கும் வேலை. விடுதியைப் பூட்டியபோது கடைசி டொக்டர் சாவியை அவள் கையில் வைத்து, ஆள் வரும்வரை பார்த்துக்கொள் என்று போனார். ஆள் வரவில்லை. அவள் பின்பக்கத்து அடுப்படி அறையில் பாயைப் போட்டாள், ஒரு தள்ளுவண்டில் வாங்கினாள், கிணற்று நல்ல தண்ணீரைக் கான்களில் நிரப்பி வீடு வீடாகக் கொடுத்துச் சீவித்தாள். அந்தப் பிள்ளை இப்போது கட்டாரில் வேறு யாரோ வீட்டைக் கூட்டுகிறாள். சபையின் காகிதத்தில் கட்டடம் ஆளில்லாதது. அந்த ஆளில்லாத கட்டடத்தில் றுக்கியாவின் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது, அவளுடைய கோழி இரண்டு பிரசவ அறைப் படியில் படுத்திருந்தன.

அபூசாலி ஒரு வாளி மொண்டு ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார். பிறகு தம் மூன்று கேள்வியைக் கேட்டார். எப்போது உப்பானது? புதன் விடியச் சுபஹுத் தொழுகைக்கு மொண்டபோது, என்றாள். அதற்கு முன் யாரும் வந்துபோனார்களா? ஒருவரும் வரவில்லை. இப்போது தண்ணீருக்கு எங்கே போகிறாள்? இரண்டு மைல்கட்டை தூரத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்துக் கிணறு, பத்து நடை போன இடத்தில் இப்போது நாலு நடை. சொல்லும்போது கழுதையை வண்டிலிலிருந்து விரட்டினாள். அது இரண்டு அடி விலகி நின்று, அவள் திரும்பியதும் மறுபடி வந்து நக்கியது.

திரும்பி வரும்போது கில்பட் இரக்கப்பட்டான். கிணற்றால் நட்டப்பட்ட முதல் ஆளே அவள்தானே. ஹொட்டேல்காரனுக்கு நரகத்தில் உப்புத் தண்ணீர்தான் கிடைக்க வேண்டும் என்றான். அபூசாலி தேத்தண்ணிக் கடைக்கு விடச் சொன்னார்.

பஸ்தியானின் கடையில் விற்பனைக் கதை ஏற்கனவே சூடாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கிடக்கிற கட்டடத்தை என்ன விலைக்காவது விற்றால் ஊரில் நாலு பெடியனுக்கு ஹொட்டேல் வேலை கிடைக்கும் என்று ஒரு கட்சி. மதிப்புக்குக் குறைத்து விற்பதென்றால் ஊரைக் குறைத்து விற்பதுதான் என்று மறுகட்சி. பாண் வெட்டிக்கொண்டிருந்த பஸ்தியான், குறைத்துக் கொடுக்கத்தான் வேணும், ஆனால் தில்லையடி அகதி முகாமில் இன்னும் தகரக் கொட்டிலுக்குள் கிடக்கிற சனத்துக்கு, ஹொட்டேலுக்கு அல்ல என்றார். அபூசாலி பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டு, குறைத்து விற்பது குற்றமில்லை, குறைகிற விலையில் எப்போதும் ஏழையின் பேரைத்தான் எழுதுவார்கள், காணி உறுதியில் வேறு பேர் வரும் என்றார். அவர் ஒரு மூச்சில் அவ்வளவு பேசியதைக் கேட்டுப் பஸ்தியான் பாண் கத்தியைக் கீழே வைத்தார்.

பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி. கிணறு உப்பான அந்தப் புதன்கிழமை, தண்ணீர் இல்லாமல் யார் யார் கஷ்டப்பட்டார்கள்?

பஸ்தியான் யோசித்தார். அன்றைக்கு ஒன்றும் இல்லை, பீப்பா நிறைய இருந்தது என்றார். கஷ்டம் வெள்ளியன்றுதான் வந்தது.

சந்திப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரும் அதையே சொன்னார். புதன்கிழமை சுபஹுக்கு வந்தவர்கள் கைகால் கழுவும் தொட்டி விளிம்பு தட்டி வழிந்தது. யார் இப்படி வீணாக நிரப்பினது என்று அவர் ஏசியும் இருக்கிறார். மூன்றாவதாக நிறுத்திய தையற்கடையிலும் அதே கதை. கில்பட்டுக்கு அலுத்துவிட்டது. காணாமற்போன தண்ணீரைத் தேடுகிறோமா, நிறைந்திருந்த தண்ணீரைத் தேடுகிறோமா என்று கேட்டான்.

"எங்கட வீட்டையும் எழுதுங்கோ நானா," என்றான் கில்பட். "அண்டைக்கு எங்களுக்குப் பெருநாள். றுக்கியா உம்மா செவ்வாய் பின்னேரம் ரெண்டு நடை கொண்டந்தவ. காசும் வேண்டாம் எண்டிட்டா. அஜித்தா சின்னவனைத் தலையில வாத்து, மிச்சத்தில நாயையும் குளிப்பாட்டினவ. நாய் என்னை விடச் சுத்தம்."

"திருப்பிச் சொல்லு."

கில்பட் சிரித்தான். மூன்று வருசத்தில் நானா அவனுடைய பகிடியை ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தான். சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

அபூசாலி சுருக்கமாகச் சொன்னார். ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிற ஒரே கிணறு ஒருநாள் விடிய உப்பானால், அன்றைக்கே ஊர் நாக்கை நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. முந்தின நாளே யாரோ பானை, பீப்பா, தொட்டி எல்லாம் நிரப்பி வைத்திருக்கிறார்கள். கிணறு உப்பாகப் போவது அந்த ஆளுக்குத் தெரியும். பள்ளிவாசல் தொட்டியை வெறுமையாக விட்டு அந்தக் காரியத்தைச் செய்ய அந்த ஆளுக்கு மனம் வரவில்லை. வீட்டைக் கொளுத்த முதல் ஆட்களை எழுப்பிவிட்டது மாதிரி.

"கழுதை ஏன் வண்டிலை நக்குது, கில்பட்?"

கில்பட்டுக்குத் தெரியும். காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். உப்பளத்தில் மூட்டை ஏற்றும் வண்டில்களையும் கழுதைகள் இப்படித்தான் நக்கும். மரம் குடித்த உப்பு எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

மத்தியான லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அபூசாலி தொழப் போனார். கில்பட் ஓட்டோவில் இருந்து கைத்தொலைபேசியைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தான். வெய்யில் மண்டையைப் பிளந்தது. அவன் தனக்குள் கணக்குப் பார்த்தான். பேரைச் சொன்னால் மெம்பர் சபையில் எழும்பிக் கத்துவார், விற்பனை நிற்கும், கட்டடம் தப்பும். கிழவியை நாலு பேர் ஏசுவார்கள், அவ்வளவுதான். அவன் கோல் எடுத்தான். மெம்பர் பேரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார், பிறகு "நல்லது" என்றார். அவருடைய குரலில் ஒரு துளி ஆச்சரியமும் இல்லை. அதை அப்போது கில்பட் கவனிக்கவில்லை.

மறுபடி விடுதிக்குப் போனபோது றுக்கியா கோழிக்குக் குருணல் போட்டுக்கொண்டிருந்தாள். அபூசாலி கேள்வி கேட்கவில்லை. காலையிலேயே மூன்றும் முடிந்துவிட்டது. பள்ளிவாசல் தொட்டி அன்றைக்கு விளிம்பு தட்ட நிறைந்திருந்ததாம் என்று மட்டும் சொன்னார்.

அவளுடைய கை நின்றது. கோழி அவள் விரலைக் கொத்தியது.

"தண்ணி இல்லாம ஒருத்தரும் தொழுகையை விட்டுடக் கூடாதெண்டுதான், நானா," என்றாள்.

பிறகு எல்லாம் வந்தது, இறைக்கிற தண்ணீர் மாதிரி நிற்காமல். நிஸார் மெம்பர்தான் சொன்னவர். மதிப்பு விலைக்குப் போனால் கட்டடம் கொழும்பு ஹொட்டேலுக்குத்தான் போகும், உன்னை அடுத்த நாளே வெளியே தள்ளுவார்கள். விலை விழுந்தால் சபை அதை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு எழுதலாம், நான் சபையில் கதைத்துச் செய்துதருகிறேன், உனக்கு இரண்டு அறை. உப்பு அவருடைய கருவாட்டு வாடியில் கிடந்தது. போகிற வழி தண்ணீர், வருகிற வழி உப்பு. பாயால் மூடி ஒரு கிழமையில் ஆறு மூட்டை. மூன்று நாள் இறைத்தால் கிணறு பழையபடி இனிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்த மணலில் நல்ல தண்ணீர் அடியிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். அறை கையில் வந்ததும் தானே நின்று இறைக்கலாம் என்று நினைத்தாள். மூட்டை கிணற்றில் விழுந்தபோது பிள்ளையைத் தள்ளிவிட்டது மாதிரி இருந்தது என்றாள். சொல்லிவிட்டு அதற்காக வெட்கப்பட்டாள்.

"சும்மா வாயால சொன்னதை நம்பயில்ல, நானா. நான் அப்பிடி விசரியில்ல. எழுத்தில தாங்க எண்டு கேட்டன். கடிதம் வச்சிருக்கன்."

அறைக்குள் போனாள். குர்ஆனோடு திரும்பி வந்து, அதன் உறைக்குள்ளிருந்து நாலாக மடித்துப் பொலித்தீனில் சுற்றிய ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நல்ல கனத்த தாள். சிங்களத்தில் தட்டச்சு. அடியில் அவளுடைய பெருவிரல் ஊதா மையில், ஒரு கோடும் கலையாமல் விழுந்திருந்தது. படிக்கத் தெரியாத ஆட்களின் விரல்தான் அப்படிச் சுத்தமாக விழும்.

அபூசாலி கண்ணாடியைப் போட்டார். ஒருதரம் முழுதையும் வாசித்தார். கில்பட் அவருடைய முகத்தைப் பார்த்தான்; ஒன்றும் தெரியவில்லை. கோட்டில் தூக்குத்தண்டனையை மொழிபெயர்த்தபோதும் அந்த முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"வாசிச்சுச் சொல்லுங்க நானா," என்றாள் றுக்கியா. "எனக்கும் கேக்க ஆசைதான். ரெண்டு அறை எந்த இடத்தில எழுதியிருக்கு?"

கோட்டு மொழிபெயர்ப்பாளர்கள், சாட்சி சொன்னதைச் சாட்சியின் வாயாலேயே சொல்வார்கள். கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. அபூசாலிக்கு வேறு மாதிரி வாசிக்கத் தெரியாது.

"நான், றுக்கியா, இந்தக் கட்டடத்தில் குடியிருப்பவள் அல்ல. ஒருபோதும் குடியிருந்ததில்லை. இதில் எனக்கோ என் பிள்ளைகளுக்கோ எந்த உரிமையும் கிடையாது. கிணற்றை நான் அனுமதியில்லாமல் பாவித்து வந்தேன். கிணற்றுக்கு நேர்ந்த எந்தச் சேதத்துக்கும் நானே பொறுப்பு. இதை வாசித்து விளங்கிக்கொண்டு விரல் அடையாளம் இடுகிறேன்."

ஒரு மூச்சு எடுத்தார்.

"சாட்சி, நிஸார். பிரதேச சபை அங்கத்தவர்."

றுக்கியா அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் மிச்சம் இருக்கிறது, இரண்டு அறை கடைசியில் வரும் என்பது மாதிரி. பிறகு தாளின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னாள். அவர் திருப்பிக் காட்டினார். வெள்ளை.

கில்பட்டும் தாளை எட்டிப் பார்த்தான். மெம்பர்தானே ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னவர், அவருக்கே தெரியுமென்றால் நாங்கள் எதற்கு என்று கேட்டான். அபூசாலி தாளைத் திரும்ப மடித்துக்கொண்டே சொன்னார். கால் விலைக்கு விற்றால் நாளைக்குக் கணக்காய்வாளர் வந்து, நல்ல தண்ணீர்க் கிணறு எப்படி உப்பானது என்று கேட்பார். கடல் உட்புகுந்தது என்றால் நம்பமாட்டார், கடல் ஒரே இரவில் புகுவதில்லையே. அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை மெம்பர் காட்டிக்கொடுத்தால் சந்தேகம் வரும். வெளியாள், பேர் உள்ள ஆள், தானாகக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும்.

"ஆள் பிடிபட்டா விலை ஏறாதா நானா?"

"கிணறு உப்புத்தானே. ஆர் போட்டாலும் உப்புத்தான். விலை அப்பிடியே நிக்கும். ஆள்தான் போகும்."

ஒருவருக்கும் இன்னும் பேர் சொல்லவில்லை, அதனால் இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றார் அபூசாலி. தாளை எடுத்துக்கொண்டு இப்போதே புத்தளத்துக்குப் போய் ஒரு சட்டத்தரணியைப் பிடிப்போம். எழும்பு, ஓட்டோவை எடு.

கில்பட் எழும்பவில்லை.

தொலைபேசியைக் கையில் புரட்டிக்கொண்டு இருந்தான்.   அபூசாலி அவனையும் அவன் கையிலிருந்த தொலைபேசியையும் பார்த்தார்.  அவருக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

ஒழுங்கை வாயில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது.

நிஸார் மெம்பர் வெள்ளைச் சேட்டில், இரண்டு பொலிஸ்காரருக்குப் பின்னால் நடந்து வந்தார். அபூசாலிக்கு ஸலாம் சொன்னார், அவருடைய கெட்டித்தனத்தைப் பாராட்டினார். ஒரு நாளில் முடித்துவிட்டீர்களே என்றார். அபூசாலி தாளை நீட்டி, இதில் உம்முடைய கையெழுத்து இருக்கிறது என்றார். மெம்பர் அதை வாங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"இருக்கத்தானே வேணும், நானா. சட்டப்படி எழுதின கடிதம். கோட்டில அதைத் தமிழில சொல்ல ஆள் தேவைப்படும். உங்களையே கூப்பிடச் சொல்றன்."

பிறகு கில்பட்டின் பக்கம் திரும்பினார், றுக்கியா கேட்கத்தக்கதாக.

"ரயர் கடையில சொல்லியாச்சு. போய் மாத்திக்கொள்."

றுக்கியா திரும்பிப் பார்த்தாள். ஏசுவாள் என்று கில்பட் காத்திருந்தான், ஏசினால் தாங்கலாம். அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜீப் பக்கம் நடந்தாள். பொலிஸ்காரன் தோளில் கைவைக்கப் போனபோது ஒதுங்கிக்கொண்டாள். கில்பட்டைக் கடக்கும்போது நின்றாள்.

"தம்பி, அடுப்படிக்குள்ள ரெண்டு கான் இருக்கு. உங்கட வீட்டுக்கெண்டு காலம தோட்டத்தில எடுத்தது. சின்னவனுக்குக் காய்ச்சலெண்டு அஜித்தா சொன்னவ. மறக்காம எடுத்திட்டுப் போங்க."

றுக்கியாவையும் மெம்பரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. தூசி அடங்க முதலே ஒழுங்கை வாயில் இன்னொரு வாகனம் வந்து நின்றது. நீலம், இடுப்பில் மஞ்சள் கோடு. நாலு பேர் ஒரு தண்ணீர்ப் பம்பை இறக்கி, காவுதடியில் கட்டி மணலில் சுமந்து வந்தார்கள். குழாயைக் கிணற்றுக்குள் விட்டார்கள். ஒருவன் கயிற்றை இழுத்தான். பம்பு இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. வேலிக்கு வெளியே உப்புத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது.

கில்பட் விரலை மடித்தான். இன்றைக்குச் செவ்வாய். அவன் மடித்து முடிக்க முதல் அபூசாலி சொன்னார்.

"வியாழன் அந்தக் கம்பனிக்கு விற்பனை. வெள்ளி மெம்பருக்குத் தண்ணி இனிக்கும்."

மிச்சமாய் நின்ற பொலிஸ்காரன் அறை அறையாகப் போய்ப் பார்த்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு வந்தான். இளம் ஆள், குருநாகல் பக்கம், தமிழ் தெரியாது. கோழி இரண்டையும் காலால் வெளியே தள்ளினான். அடுப்படிக் கதவைச் சாத்தி, புதுப் பூட்டுப் போட்டு, கதவுச் சந்து நெடுகச் சபையின் முத்திரைத் தாளை ஒட்டினான். அதுவரைக்கும் பம்பையே பார்த்துக்கொண்டு நின்ற கில்பட் அப்போதுதான் ஓடிப்போய் அவனை மறித்தான்.

உள்ளே தன்னுடைய இரண்டு கான் தண்ணீர் இருக்கிறது, பிள்ளைக்கு, ஒரு நிமிசம் திற என்றான், தமிழில். பொலிஸ்காரனுக்கு விளங்கவில்லை. அவன் அபூசாலியைப் பார்த்தான். அபூசாலி சொன்னார், சிங்களத்தில், ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல். பொலிஸ்காரன் கையிலிருந்த காகிதத்தைத் திறந்து ஒரு வரியை விரலால் காட்டி, பொறுமையாகப் பதில் சொன்னான். கெட்ட ஆள் அல்ல. அவனிடம் இருந்தது அந்தக் காகிதம்தான்.

கில்பட் நானாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"இது ஆளில்லாத கட்டடம். இதுக்குள்ள ஒருத்தருடைய சாமானும் இருக்க ஏலாது."